நாய், பூனை வளர்க்கும் சென்னைவாசிகள் தடுப்பூசி பற்றிக் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பிலும் சுற்றுவட்டாரத் தெருக்களிலும் புதிதாகக் குட்டி வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. நெடுங்காலமாக நாய், பூனை வளர்ப்பவன். மருத்துவரிடம் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன். ஊசியின் நாளையும் அளவையும் உங்கள் செல்லத்தை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாய்க்குட்டிக்கு எந்த வயதில் முதல் ஊசி போட வேண்டும்?

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அதன்பின் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகள். கடைசி ஊசி குட்டிக்குப் பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். வெறிநோய் எனப்படும் ரேபிஸுக்கான ஊசி மூன்று மாதம் முடிந்ததும். நம் ஊரில் பெரும்பாலான மருத்துவர்கள் அதற்கும் மூன்று, நான்கு வாரம் கழித்து இன்னொரு தவணை போடுவார்கள்.

வாங்கும்போது குட்டியின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்று சொல்லி முப்பது நாள் குட்டியைக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வயது தவறினால் ஊசிக் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

ஒரு ஊசி போட்டாயிற்று. குட்டியும் நன்றாக ஓடியாடுகிறது. மீதி ஊசிகள் அவசியம்தானா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அவசியம். குட்டிகள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறந்த முதல் நாளில் தாயிடம் குடிக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வந்து சேர்கின்றன. சில வாரங்களுக்கு அவைதான் குட்டியைக் காக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவை இரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியில் உள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியையும் அழித்துவிடும். ஊசி போட்டும் குட்டியின் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது. தாயின் பாதுகாப்பு எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டுக்குள்ளேயே வேறுபடும். ஒன்றுக்கு எட்டாவது வாரத்தில் தீரலாம், மற்றொன்றுக்குப் பதினான்காவது வாரம்வரை நீடிக்கலாம். அது எந்த வாரம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் இடைவெளி விட்டு விட்டு ஊசி போடுகிறார்கள். ஏதாவது ஓர் ஊசி சரியான நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். பதினாறு வாரத்துக்குப் பிறகு போடும் ஊசியில் அந்தத் தடை ஏறக்குறைய எல்லாக் குட்டிகளுக்கும் நீங்கியிருக்கும்.

ஆகவே இரண்டாவது, மூன்றாவது ஊசிகளை முதல் ஊசிக்குப் பலம் சேர்ப்பவை என்று மட்டும் எண்ண வேண்டாம். உங்கள் குட்டிக்கு உண்மையில் வேலை செய்யும் முதல் ஊசியே அந்தக் கடைசி ஊசியாக இருக்கலாம். குட்டிகளைக் கொல்லும் வாந்தி, பேதி நோய்தான் பார்வோ. "ஊசி போட்டும் பார்வோ வந்துவிட்டது, ஊசியே பொய்" என்று நொந்துபோனவர்களிடம் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், அநேகமாக முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும்.

ஏழு நோய் ஊசி, ஒன்பது நோய் ஊசி என்கிறார்களே, எதைப் போடுவது?

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தக் கூட்டு ஊசியிலும் முக்கியமானவை மூன்று: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி. இவற்றோடு பாரா இன்புளுயன்சாவையும் எலிக்காய்ச்சலையும் சேர்ப்பார்கள். சில தயாரிப்புகளில் கொரோனா இருக்கும். அது நாய்களின் குடலைத் தாக்கும் வேறு வகை, 2020-ல் நம்மை முடக்கிய கிருமி அல்ல. எலிக்காய்ச்சல் கிருமியில் பல ரகங்கள் உள்ளன; ஒவ்வொரு ரகத்தையும் தனி நோயாக எண்ணினால் எண்ணிக்கை கூடிவிடும். எலிக்காய்ச்சல் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், சென்னையில் அது கட்டாயம் வேண்டும்.

பார்வோ 1970-களின் பிற்பகுதியில்தான் உலகில் தலைகாட்டியது. வாந்தி, பிறகு இரத்தம் கலந்து குடலைப் பிரட்டும் நாற்றத்துடன் பேதி. ஓரிரு நாளில் குட்டி துவண்டுவிடும். டிஸ்டெம்பர் கண்ணிலும் மூக்கிலும் சளியாகத் தொடங்கி, தேறிவிட்டது என்று நினைக்கும்போது வலிப்பாகவோ கை, கால், தாடை இடைவிடாமல் துடிப்பதாகவோ திரும்பும். பிழைக்கும் நாய்களில் பல அந்தத் துடிப்போடுதான் மிச்ச வாழ்நாளைக் கழிக்கின்றன. இரண்டுக்கும் கிருமியையே கொல்லும் மருந்து கைவசம் இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடல் தானே மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

ஊசி வரிசை முடியும்வரை குட்டியை வெளியே அழைத்துப் போகலாமா?

தெருவில், பூங்காவில், பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரையில் இறக்கிவிட வேண்டாம். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் போகட்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயுற்ற நாய் அங்கே நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, எப்போதோ அதன் மலம் அங்கே பட்டிருந்தால் போதும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்கு வந்துவிடும். அதற்காக மூன்று மாதம் குட்டியை அறையில் பூட்டி வைக்கவும் கூடாது. உலகம் பழகும் வயது அது. தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். பஸ் சத்தம், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் பழகட்டும். ஊசி முறையாகப் போட்ட, நோயில்லாத நாய் உள்ள நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

வீட்டில் முன்பு ஒரு குட்டி பார்வோவில் போயிருந்தால், பினாயில் போட்டுத் துடைத்தது போதாது. அது இந்தக் கிருமியைக் கொல்லாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு நீர் கலந்து, தரையைக் கழுவியபின் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பூனை இருக்கும் வீட்டில் பினாயிலைத் தவிர்ப்பதே நல்லது. பாதத்தில் பட்டதை நக்கினால் அதற்கு நஞ்சு.

எலிக்காய்ச்சல் ஊசியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

நம் ஊரின் மழைதான் காரணம். வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், வியாசர்பாடிப் பகுதிகளில் தெரு நிறையத் தண்ணீர் நிற்பதைப் பார்க்காதவர் யார்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சாக்கடையும் வீட்டுத் தரையும் ஒன்றாகிப்போயின. எலியின் சிறுநீர் அந்த நீரில் கலந்திருக்கும். நாயின் காலில் சிறு கீறல் இருந்தாலும், அந்த நீரை நக்கினாலும் லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போய்விடும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும்.

முதல்முறை போடும்போது இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல். இதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஓராண்டுக்குத்தான் நிற்கும். செப்டம்பரில் போட்டுவிடும்படி ஆண்டுத் தேதியை அமைத்துக்கொண்டால் மழைக்கு முன்பே நாய் தயாராகிவிடும். எல்லா ரகக் கிருமிகளையும் ஊசி தடுக்காது என்பதால் தேங்கிய நீரில் நடந்து வந்த நாயின் கால்களைக் கழுவித் துடைப்பதை விட்டுவிடக் கூடாது.

எங்கள் வீடு ஏழாவது மாடியில். பூனை வாசலைக்கூடத் தாண்டாது. அதற்கும் ரேபிஸ் ஊசியா?

ஆம். கதவு திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் பூனை படியிறங்கிவிடும். பால்கனி வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். நோயுற்ற வேறொரு பூனையும் மேலே ஏறி வரலாம். ரேபிஸ் பாலூட்டிகள் எதற்கும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கும் சரி, விலங்குக்கும் சரி, அநேகமாகச் சாவு நிச்சயம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்வழியே வருகிறது. இத்தனை கொடிய நோயை ஆண்டுக்கு ஒரு சிறு ஊசி தடுத்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பூனைக்கு வேறு என்னென்ன ஊசிகள்?

மூன்று நோய்க் கூட்டு ஊசி: பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், காலிசி. பின்னவை இரண்டும் சேர்ந்துதான் பூனைச் சளி எனப்படும் தும்மல், கண்ணில் பீளை, நாக்கில் புண். முதலாவது பார்வோவின் உறவுக் கிருமி, குட்டிகளை ஒரே நாளில் சாய்த்துவிடக்கூடியது. தொடங்கும் வயதும் இடைவெளியும் நாய்க்குட்டிக்குச் சொன்னதேதான். வெளியே திரியும் பூனையானால் பூனை லுகீமியா ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பூனைகளில் மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. அதனால்தான் சில மருத்துவர்கள் இரு தோள்களுக்கு நடுவே போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடுகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வந்து மறைவது இயல்பு. மூன்று மாதம் கடந்தும் இருந்தால், அல்லது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே போனால் உடனே காட்டுங்கள்.

எல்லா ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டுமா?

ரேபிஸும் எலிக்காய்ச்சலும் ஆண்டுதோறும். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஊசிகளின் பாதுகாப்பு குட்டிப்பருவ வரிசையை ஒழுங்காக முடித்த நாய்க்குப் பல ஆண்டுகள் நிற்கும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வளர்ந்த நாய்க்கு இவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. ஆனால் நம் ஊரில் கூட்டு ஊசியாகவே கிடைப்பதால் பலர் ஆண்டுதோறும் போட்டுவிடுகிறார்கள். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

நாட்டு நாய்க்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டாமே?

இல்லை. இராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தெருவில் எடுத்த குட்டியோ, பார்வோவுக்கு எல்லாம் ஒன்றுதான். தெருவில் பிழைத்து நிற்கும் நாய்களை நாம் பார்க்கிறோம். அதே ஈற்றில் செத்துப்போன குட்டிகள் நம் கண்ணில் படுவதில்லை.

மருந்துக் கடையில் ஊசி வாங்கி வீட்டிலேயே போட்டால் செலவு குறையுமே?

வேண்டாம். தடுப்பூசி எப்போதும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்தரி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அரை மணி நேரம் வைத்துக் கொண்டுவந்த குப்பியில் உயிருள்ள கிருமி மிஞ்சியிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? உறைநிலைப் பெட்டியில் வைத்தாலும் சில ஊசிகள் கெட்டுவிடும். கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்துபோலவே இருக்கும். அலர்ஜி வந்தால் கையில் மாற்று மருந்தும் இருக்காது.

மருத்துவமனையில் போடும்போது அருகில் நின்று பாருங்கள். கூட்டு ஊசி இரண்டு சிறு குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வெண்மையான வில்லைபோல் உலர்ந்த மருந்து ஒட்டியிருக்கும், மற்றதில் திரவம். பல தயாரிப்புகளில் அந்தத் திரவமே எலிக்காய்ச்சல் மருந்து. திரவத்தை உறிஞ்சி வில்லையுள்ள குப்பிக்குள் செலுத்தி, மெல்ல உருட்டிக் கரைத்து, உடனே போட வேண்டும். குப்பியை எங்கிருந்து எடுக்கிறார்கள், காலாவதித் தேதி என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டி, மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவால் எழுதிய தேதி மட்டும் உள்ள புத்தகத்தோடு குட்டியை விற்றால், அந்த ஊசியைக் கணக்கில் சேர்ப்பதா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஊசி போட்ட பிறகு என்ன நடக்கும்?

ஒருநாள், இரண்டு நாள் சோர்வு, இலேசான சூடு, போட்ட இடத்தில் வலி. இவை இயல்பு. குரோசின் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். முகம் வீங்குவது, உடலெங்கும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு வெளுத்துச் சாய்வது ஆகியவை அலர்ஜி. பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்பதால் ஊசி போட்டபின் இருபது, முப்பது நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருங்கள்.

எப்போது ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்?

காய்ச்சல், பேதி, உண்ணிக் காய்ச்சல் இருந்தால் தேறும்வரை. சினையாக இருந்தால் உயிருள்ள கிருமி ஊசிகள் வேண்டாம். குட்டிகளுக்குக் குடற்பூச்சி மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி உண்டா?

நம் ஊரில் போடும் வழக்கமான தடுப்பூசிகள் எதிலும் அது கிடையாது. உண்ணியை ஒழிப்பதுதான் வழி.

தேதி தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

சில நாள் தாமதம் என்றால் கவலை வேண்டாம், உடனே போய்த் தொடருங்கள். குட்டி வரிசையில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், வளர்ந்த நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி நெடுநாள் தவறினாலும், மருத்துவர் மீண்டும் இரண்டு தவணை போடச் சொல்லலாம். வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பதைவிடத் தாமதமாகப் போவது எவ்வளவோ மேல்.

சென்னையில் எங்கே போடலாம்? உரிமம் வாங்க வேண்டுமா?

வேப்பேரியில், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். குட்டியைக் கூடையிலோ மடியிலோ வைத்திருங்கள். அந்தக் காத்திருப்புக் கூடத்தின் தரைக்கு எல்லா நோயுற்ற நாய்களும் வந்துபோகின்றன. மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகள் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ளன. தனியார் மருத்துவமனைகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன.

மாநகராட்சி எல்லைக்குள் செல்லப்பிராணி வளர்க்க உரிமம் பெற வேண்டும். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ரேபிஸ் ஊசித் தேதியையும் உரிமத் தேதியையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் தவறாது.

ஊசி போட்ட எங்கள் நாயே பிள்ளையைக் கடித்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் குழாயடி. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்கள். பல் தோலைத் துளைத்திருந்தால் அல்லது இரத்தம் வந்திருந்தால், இம்யூனோகுளோபுலின் எனும் தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்திலேயே செலுத்துவதும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்தில் இன்றும் சிலர் பிள்ளையை மறைத்து வைக்கிறார்கள். அந்த வகை மருந்தை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

கடித்த நாயை, ஊசி போட்டதானாலும், பத்து நாள் கண்காணியுங்கள். விரட்டிவிடாதீர்கள், கொன்றுவிடாதீர்கள். பத்து நாளும் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். அதைக் காத்திருந்து பார்த்தபின் சிகிச்சை தொடங்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சிகிச்சை அன்றே தொடங்க வேண்டும்.

தெருநாய் உங்கள் நாயைக் கடித்தாலும் கையுறை போட்டு இதே கழுவல், அன்றே கால்நடை மருத்துவர். பழைய ஊசி நடப்பில் இருந்தாலும் மறு ஊசி போடுவார்கள்.

எங்கள் தெருவில் சோறு வைக்கும் நாய்களுக்கு என்ன செய்யலாம்?

காதில் சிறு வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, அப்போது ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த வெட்டு எந்த ஆண்டு விழுந்தது என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசி ஆண்டுதோறும் தேவை. மாநகராட்சியின் 1913 எண்ணில் அழைத்துத் தெருவின் பெயரையும் நாய்களின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். ஊசிக் குழு வரும் நாளில் சோறு வைப்பவர் அங்கே இருந்தால் வேலை எளிதாகிவிடும். வலையைக் கண்டு ஓடும் நாய் பழகிய குரலுக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு நாயையும் படம் பிடித்து, நிறத்தையும் ஊசி போட்ட தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு குழு வரும்போது எவை விடுபட்டன என்பதை அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.